மூச்சு விட்ட வெறுங்குழாய்

கடல் ஆய்வுக் கப்பல்களிலும் கரையோர ஆய்வுகூடங்களிலும் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது வேலை செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிலர் இங்கே ஜேர்மனியிலேயே பிறந்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவர்கள். சிலர் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். நான் இந்த இரண்டு வகையிலும் சேராதவன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். கருவிகளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னால் எழுதக்கூடியது நான் விட்ட பிழைகளைத்தான். அவற்றில் பெரியது இது.

தொழிலுக்கு நேற்று வந்தவர்களுக்காக முதலில் ஒரு பத்தி. கடலின் அடிச் சேறு மூச்சு விடுகிறது. அதற்குள் இருக்கும் புழுவும் சிப்பியும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனைத் தின்கின்றன. எவ்வளவு தின்கின்றன என்று அறிய, சேற்றை அதன் மேலே உள்ள தண்ணீரோடு குலுங்காமல் குழாய்களில் எடுத்து, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, கடலடியில் இருந்த அதே குளிரிலும் இருட்டிலும் வைக்கிறோம். காலையில் தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தது, மாலையில் எவ்வளவு என்று அளக்கிறோம். குறைந்தது எவ்வளவோ, அது சேறு தின்றது. கூடவே, சேறு இல்லாமல் கடல்நீர் மட்டும் நிரப்பிய இரண்டு குழாய்களும் நிற்கும். அவற்றை நாங்கள் வெறுங்குழாய் என்போம். அவற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். அங்கேயும் குறைந்தால் எங்கோ பிழை. அன்றைய அளவு முழுவதும் குப்பை.

இனி என் கதை. எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். மேற்கு பெர்லினில், நொய்கெல்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஹம்மில் கதவுப் பிடி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு வருடக்கணக்கில் வேறு பல வேலைகள். கடைசியாக வடக்கே, மீன் வெட்டும் இடத்தில் இரண்டு குளிர்காலம். ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் எந்த வேலையிலும் நான் பழையவன் ஆனதில்லை. கீல் நகரத்தில் ஓர் ஆய்வுகூடம் கப்பல் வேலைக்கு உதவியாள் தேடுகிறது என்று கேட்டுப் போனேன். அங்கே ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவரைத் தலைவி என்றே எழுதுகிறேன். என் படிப்புச் சான்றிதழைப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இருக்கவுமில்லை. ஒரு வாளிச் சேற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து மணந்து பார்க்கச் சொன்னார். அழுகின முட்டை நாற்றம்.

"எப்பிடி இருக்கு?" என்றார்.

"மீனை விடப் பரவாயில்லை" என்றேன். வேலை கிடைத்தது.

தலைவி பேசியது ஜேர்மன் மொழியில். நான் அதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் போலப் பேசினால் குற்றம் என்னுடையது.

கிடைத்தது ஆறு மாத ஒப்பந்தம். பிறகு இன்னோர் ஆறு மாதம். பிறகு இன்னொன்று. இதற்குள் எனக்கு நாற்பது கடந்து, கொழும்புக்குப் போய்க் கல்யாணமும் செய்து வந்திருந்தேன். மனைவியை அழைக்க அன்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்தபோது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண் என் ஒப்பந்தத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இதில் முடிவுத் திகதி இருக்கிறது. திகதி இல்லாத ஒப்பந்தத்தோடு வாருங்கள்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் என் மனைவி நலம் விசாரிப்பதை விட்டுவிட்டாள். எடுத்தவுடன், "திகதி போட்டுதோ?" என்பாள். போய்விட்டதா என்று பொருள். போகவில்லை.

எங்கள் பிரிவில் திகதி இல்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அவுஸ்பில்டுங் முடித்தவர்களுக்கான இடம். என்னை அதில் போடுவதென்றால் தலைவி காரணம் காட்டிக் கடிதம் எழுத வேண்டும். மூன்றாவது ஒப்பந்தம் முடியும் மாதத்தில் ஒரு பயணம் வந்தது. "திரும்பி வந்த பிறகு பாப்பம்" என்றார் தலைவி. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஒரு நவம்பர் மாதம், பால்டிக் கடலின் மேற்குப் பக்கம். ஆழம் இருபது, இருபத்தைந்து மீற்றர்தான். ஆழம் குறைந்த கடல் ஆகையால் அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். எங்கள் கப்பல் சிறியது. அது அலையில் ஏறி இறங்காது. நின்ற இடத்தில் நின்று தலையாட்டும்.

அந்தப் பயணத்தில் அளக்கும் வேலை செல்வினுடையது. நாகர்கோவில் பையன், முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருடம். அறிவில் குறையில்லை. வயிறுதான் கப்பலுக்குச் சரிவரவில்லை. துறைமுகத்தில் கயிற்றை அவிழ்க்கும் முன்பே முகம் வெளுத்துவிடும்.

"கப்பல் இன்னும் வெளிக்கிடேல்லைத் தம்பி" என்பேன்.

"தெரியுது அண்ணே. ஆனா போகப்போகுதுன்னு வயித்துக்கும் தெரிஞ்சிருச்சே."

எங்கள் ஒட்சிசன் உணரி பழுதாகிக் கரையில் கிடந்தது. ஆகவே பழைய முறையில்தான் அளக்க வேண்டும். குழாயிலிருந்து சிறு போத்தல்களில் எடுத்த தண்ணீருக்கு மருந்துகள் சேர்த்து ஒரு சிறு குடுவையில் ஊற்றினால் தேநீர் நிறமாக இருக்கும். கஞ்சிக் கரைசல் விட்டால் கருநீலம். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒரு திரவத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு துளியில் நீலம் மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும். அதுவரை எவ்வளவு விட்டோமோ அதை வைத்து ஒட்சிசன் கணக்கு. ஒரு கை பியூரெட்டின் திருகில், மறு கை குடுவை வழுக்காமல் பிடித்தபடி, கண் நீலத்தில். ஆடுகிற கப்பலில் வயிறு சரியில்லாதவன் இதைச் செய்ய வேண்டும். வாயைப் பொத்தக்கூடக் கை மிச்சமில்லை.

முதல் நாளே செல்வின் இரண்டு தடவை ஓடினான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. புறப்படும் முன் கீலில் துருக்கிக் கடையில் ஒரு பை தேசிக்காய் வாங்கி வைத்திருந்தேன். நீங்கள் எலுமிச்சை என்பீர்கள். குமட்டலுக்கு அதன் மணத்தை விட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் மூக்கில் பிடித்துக்கொண்டிருக்க அவனுக்குக் கை வேண்டுமே. யோசித்தேன். நானும் பத்துத் தொழில் பார்த்தவன். செல்வின் தலையை மேசையில் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்த நேரத்தில், ஒரு காயைப் பாதியாக வெட்டி, வலைநூலில் கோத்து, மேசைக்கு மேலே உள்ள தட்டில் கட்டித் தொங்கவிட்டேன். வெட்டின முகம் கீழே. உயரத்தை அவன் மூக்குக்குச் சரியாக அளந்து வைத்தேன். மணம் எழும்பட்டும் என்று ஒருமுறை மெல்லப் பிழிந்தேன்.

செல்வின் எழும்பினான். அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வேலையைத் தொடங்கினான். அன்று பிறகு ஓடவில்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அதன் பிறகு அது என் தினசரிக் கடமை ஆயிற்று. காலையில் தொடக்க அளவுகள் முடிந்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புதுப் பாதி ஒன்று கட்டுவேன். மாலையில், முடிவு அளவுகளுக்கு அவன் உட்காரும் முன், நன்றாக ஒருமுறை பிழிந்துவிடுவேன். கடல் கொந்தளித்த நாளில் இரண்டு முறை.

கப்பலின் முதல் அதிகாரி ஜேர்மனியின் வடக்குக் கரைக்காரர், பெரிய மீசை. அவர் இரண்டாம் நாள் ஆய்வறைக்குள் எட்டிப் பார்த்து அந்தத் தேசிக்காயைக் கண்டார். இளமையில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்வந்தவர் அவர். அங்கே லொறிகளின் முன்னால் தேசிக்காயும் மிளகாயும் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். கதவிலேயே நின்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர் என்று நினைத்தேன். அவர் மரியாதை செய்தது எனக்கு அல்ல என்பது அப்போது தெரியாது.

இரண்டாம் நாள் மாலை காற்று எழும்பியது. அன்றைய அளவுகளை வைத்துக்கொண்டு தலைவி நெற்றியைத் தேய்த்தார். சேறு வழக்கத்தை விட மிக அதிகமாகத் தின்றிருந்தது. அது மட்டுமென்றால் சந்தோசப்பட்டிருப்பார். வெறுங்குழாய்களும் தின்றிருந்தன. வெறும் கடல்நீர், மூடிய குழாய், இருட்டு, குளிர். ஒட்சிசனைத் தின்ன அதற்குள் யாரும் இல்லை. ஆனாலும் மாலையில் குறைந்திருந்தது.

மூன்றாம் நாள் கடல் அடங்கிக் கிடந்தது. வெறுங்குழாய்கள் ஓரளவு ஒழுங்காக இருந்தன. நான்காம் நாள் மீண்டும் காற்று. வெறுங்குழாய்கள் மீண்டும் மூச்சு விட்டன, முன்னிலும் பலமாக.

செல்வின் பாய்ந்து போய் ஒரு கொள்கை கண்டுபிடித்தான். "அண்ணே, வெதர் ரஃப் ஆனா வேல்யூ ட்ராப் ஆகுது. காம் ஆனா சரியாகுது. இதுல ஏதோ பேட்டர்ன் இருக்கு. புயல்ல கடல் தண்ணியே வேற மாதிரி ரியாக்ட் பண்ணுது போல."

"மூடின குழாய்க்குள்ளை இருக்கிற தண்ணிக்கு வெளியிலை புயலெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

"அதான் அண்ணே தீசிஸ்" என்றான். வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

தலைவி கொள்கைகளை நம்புகிறவர் அல்ல. ஐந்தாம் நாள் காலை ஆய்வறை முழுவதையும் கவிழ்த்துத் தேடினோம். மூடிகளின் ரப்பர் வளையங்களை மாற்றினோம். மருந்துகளைப் புதிதாகக் கலந்தோம். போத்தல்களைக் கழுவி, மீண்டும் கழுவி, மூன்றாம் முறையும் கழுவினோம். பியூரெட்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். கஞ்சிகூடப் புதிதாகக் காய்ச்சினோம். தலைவியே மேசையைத் துடைத்தார். தேசிக்காய் தொங்கும் இடம் வந்ததும் தலையைக் குனிந்து, அதில் முடிகூடப் படாமல், அந்தப் பக்கம் போனார். திரும்பி வரும்போதும் அதே குனிவு. தட்டு தலையில் இடித்துவிடும் என்று குனிகிறார் என்று நினைத்தேன். தட்டு அவருக்கு அரை முழம் மேலே இருந்தது.

துடைக்கும்போது ஒருமுறை என்னைப் பார்த்து, "இது இப்பிடியே இருக்கலாம்தானே?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

நானும், "ஓம், இருக்கட்டும், அவருக்கு நல்லது" என்றேன். செல்வினைச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார்.

மாலையில் தலைவி ஒரு சோதனை செய்தார். ஒவ்வொரு குழாயிலிருந்தும் நாங்கள் மூன்று போத்தல் எடுப்போம். ஒன்று அளக்க, மற்றவை மருந்து விட்டு மூடி வைக்கும் கையிருப்பு. அன்று அளந்து முடித்த வெறுங்குழாயின் கையிருப்புப் போத்தல் ஒன்றைச் செல்வினிடம் கொடுத்து மீண்டும் அளக்கச் சொன்னார். ஒரே குழாயின் தண்ணீர். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். அப்படியானால் பிழை குழாயில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. மருந்தும் கண்ணாடியும் புதியவை. மிச்சம் இருப்பது அளந்த கை.

சாப்பாட்டறையில் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செல்வின் சுகமில்லாத வருத்தக்காரன் மாதிரி இருக்கிறார். நீலம் மறையிறது அவருக்குத் தெரியேல்லைப் போலை. நாளையிலையிருந்து நான் அளக்கிறன். முந்தின நாள் கணக்கெல்லாத்தையும் எறியவேணும். ஏன் எறிஞ்சது எண்டு அறிக்கையிலை எழுதவேணும்."

"அவருக்கு அது பிரச்சினை ஆகுமோ?"

"ஆகும்" என்றார். கோப்பியைக் கலக்கினார். "இந்தப் பயணத்திலை ஒழுங்கா நடந்தது உங்கட வேலை மட்டுந்தான், சிவா. சேறு ஒருநாளும் குலுங்கேல்லை. திங்கக்கிழமை கடிதம் எழுதிறன்."

அது எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் காது சூடாகியது. மனைவியிடம் சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஆய்வறைக்குப் போனேன்.

அடுத்த நாள் மதியம் கடல் மோசமாகும் என்று கப்பல் மேடையிலிருந்து அறிவித்தார்கள். கண்ணாடிச் சாமான்களைக் கட்டி வைப்பது என் வேலை. செல்வின் தன் அறையில் சுருண்டு கிடந்தான். நான் அவனுடைய கதிரையில் உட்கார்ந்து பியூரெட்டைக் கயிற்றால் சுற்றிக் கொண்டிருந்தேன். அந்தக் கதிரையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. புறங்கையில் ஏதோ குளிர்ந்து விழுந்தது.

ஒரு துளி.

மேலே பார்த்தேன். காலையில் கட்டி, நன்றாகப் பிழிந்துவிட்ட தேசிக்காய், மெல்ல ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கப்பல் மீண்டும் சாய்ந்தது. இன்னொரு துளி. அது விழுந்த இடத்தைப் பார்த்தேன். செல்வின் குடுவையை வைக்கும் இடம். அவன் மூக்குக்கு நேரே அளந்து கட்டியிருந்தேன் அல்லவா? மூக்குக்குக் கீழேதான் குடுவை இருக்கும். இந்த அளவு நுணுக்கமாக நான் என் வாழ்க்கையில் வேறொன்றையும் கட்டியதில்லை.

வேதியியல் எனக்குத் தெரியாது. ஆனால் சோதித்துப் பார்க்கத் தெரியும். காலையில் தலைவி அளந்து பழகிய குடுவை ஒன்றில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருந்தது. அதைத் தேசிக்காயின் கீழே வைத்து, நூலை விரலால் சுண்டினேன். ஒரு துளி விழுந்தது. விழுந்த இடம் வெளுத்தது. இரண்டாவது துளி. மூன்றாவது துளியில் நீலம் முழுவதும் போய், குடுவையில் தெளிந்த தண்ணீர் நின்றது. பியூரெட் செய்ய வேண்டிய வேலையைத் தேசிக்காய் செய்து முடித்திருந்தது. பியூரெட்டில் குறைவாக விட்டால் ஒட்சிசன் குறைவு என்று கணக்கு வரும். கடல் ஆடினால் துளி அதிகம் விழும். துளி அதிகம் விழுந்தால் ஒட்சிசன் குறையும். செல்வினின் புயல் கொள்கை முழுவதும் அந்த நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் கதவைச் சாத்தினேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். நூலை வெட்டி, தேசிக்காயை யன்னல் வழியே எறிந்துவிட்டால் முடிந்தது. இன்று மாலை தலைவி அளப்பார். அளவு சரியாக வரும். திங்கட்கிழமை கடிதம் எழுதுவார். கத்தரிக்கோலின் வாய்க்குள் நூல் இருந்தது. அந்த நிலையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கப்பல் ஆடியதால் நூல் தானே அறுந்துவிடும் போலவும் இருந்தது. அறுந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

மனதில் இடித்தது ஒன்றுதான். தலைவி அளந்து சரியாக வந்தால், பிழை செல்வினுடைய கைதான் என்று நிரூபணம் ஆகிவிடும். நான் நூலை வெட்டிய அந்த வினாடியிலிருந்து, அவன் பெயரில் நானே பொய் எழுதியதாக ஆகும். இதே கப்பலில், இதே மேசையில், அவன் "அண்ணே" என்று கூப்பிடுவதை இன்னும் நான்கு நாள் கேட்க வேண்டும். பிடிக்காத இடங்களை விட்டு ஓடியே பழகியவன் நான். கப்பலில் இருந்து ஓட இடம் இல்லை.

நூலை வெட்டினேன். ஆனால் தேசிக்காயை ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் அந்தக் குடுவையையும் வைத்து, சாப்பாட்டறைக்குக் கொண்டுபோனேன். தலைவியும் முதல் அதிகாரியும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கையைக் கண்டதும் முதல் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

"அதைக் கழட்டிப்போட்டியளோ?" என்றார். "இண்டைக்கோ? காத்து ஏழாம் படிக்கு மேலை வரப்போகுது."

"பிழை செல்வின்ரை கையிலை இல்லை" என்றேன் தலைவியிடம். "இதிலை. கட்டினது நான்."

விழுந்த துளிகளையும் நீலம் போனதையும் சொன்னேன். தலைவி குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தேசிக்காயைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"விட்டமின் சி" என்றார். "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் செய்து காட்டிற விளையாட்டு. நான் அந்த மேசையை நாலு தரம் துடைச்சனான். நாலு தரமும் அதுக்குக் கீழை குனிஞ்சு போனனான்."

"ஏன் குனிஞ்சனீங்கள்?"

"அது உங்கட சாமி விசயம் எண்டு நினைச்சன்."

"சாமியோ? அது சத்திக்கு" என்றேன். வாந்தியை எங்கள் ஊரில் சத்தி என்போம்.

தலைவி முதல் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மீசை சிவந்தது போல இருந்தது. அவர்தான் கப்பல் முழுவதற்கும் சொல்லியிருக்கிறார்: அது அவர்களுடைய காவல், தொடக்கூடாது, கேட்டால் மனம் புண்படும் என்று. சமையல்காரர் ஆய்வறை வழியாகப் போவதையே நிறுத்தியிருந்தார். எஞ்சின் ஆள் ஒருவர் அதன் கீழே நின்று சும்மா ஒருமுறை கைகூப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புண்படாமல் இருக்க வேண்டிய மனம் என்னுடையது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சத்தம் கேட்டுச் செல்வின் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். தலைவி அவனிடம் கேட்டார்: "நீங்களாவது சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாளும் அதுக்குக் கீழைதானே இருந்தனீங்கள்."

அவன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "அண்ணே, நாங்க மூணு தலைமுறையா கிறிஸ்டியன். உங்க சம்பிரதாயத்தைப் பத்தி நான் எப்படிக் கேக்குறது? வைஃப் விசாவுக்காக ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். டெய்லி கண்ண மூடிட்டுப் பிழிஞ்சீங்களே."

"கண்ணுக்குள்ளை சாறு தெறிக்குமெண்டு மூடினனான் தம்பி."

"எனக்கும் வாந்தி நின்னுச்சு அண்ணே. ஆண்டவருக்கு ரெண்டு பேர் மேலயும் இரக்கம்னு நெனச்சேன்."

இதை நான் தலைவிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் அவர் மேசையில் தலையை வைத்துவிட்டார். அழுகிறாரா என்று முதல் அதிகாரி குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. பிறகு நிமிர்ந்து, சிரிப்பே இல்லாத முகத்தோடு, "கையிருப்புப் போத்தல்கள் எத்தினை இருக்கு?" என்று கேட்டார்.

ஒரு போத்தலைச் சோதனைக்குச் செலவழித்திருந்தோம். மற்றவை பெட்டியில், இருட்டில், பத்திரமாக இருந்தன. எல்லா நாள்களின் தண்ணீரும் இருந்தது. அதைத்தான் நீங்கள் பாடமாக எடுக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். எடுங்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் ஆய்வறையில் என்னவென்று தெரியாத ஒரு பொருள் தொங்கினால், கட்டியவனிடம் "இது என்ன கோதாரி?" என்று கேளுங்கள். அவனுக்குக் கோபம் வந்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து, ஒரு கப்பலையே ஐந்து நாள் வீணாக ஓட்டினோம்.

அன்று மாலையும் அடுத்த நாளும் செல்வினே அளந்தான். தலைவி வேறு கை வைக்கச் சம்மதிக்கவில்லை. அந்தக் கைதான் நிரூபிக்க வேண்டும் என்றார். வாளியை முதல் அதிகாரி பிடித்தார். தன்னால்தான் இவ்வளவும் என்று அவருக்கு ஒரு வருத்தம். செல்வின் துளி விடுவான், வாளிக்குத் திரும்புவான், திரும்பி வந்து அடுத்த துளி விடுவான். காற்று அறிவித்ததை விடப் பலமாக அடித்தது. முதல் அதிகாரி ஒவ்வொரு சாய்வுக்கும் என்னைக் குற்றம் சாட்டும் பார்வை ஒன்று பார்த்தார். நான்காம் நாளின் வெறுங்குழாய்ப் போத்தல் வந்தது. காலை அளவும் மாலை அளவும் ஒன்றாக நின்றன. இரண்டாம் நாள், அதுவும் அப்படியே. வெறுங்குழாய்கள் மூச்சை நிறுத்தியிருந்தன.

தலைவி பயண அறிக்கையை எழுதினார். அதில் நடந்தது நடந்தபடி இருந்தது. முதல் அளவுகள் நீக்கப்பட்டன, காரணம் தேசிக்காய்ச் சாறு, தொங்கவிட்டவர் நான், தொங்குவதைக் கண்டும் கேட்காதவர் பயணத் தலைவி. செல்வினின் பெயருக்கு எதிரே எதுவும் இல்லை. எனக்கு வாசித்துக் காட்டி, "சரியோ?" என்றார்.

"சரி" என்றேன். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்ச நாள்களில் சேறு எடுத்தேன், குழாய் மூடினேன், கயிறு சுற்றினேன். ஞாயிறு துறைமுகத்தில் இறங்கி மனைவிக்கு எடுத்தபோது அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"திகதி போட்டுதோ?"

"நான் போவனோ திகதி போகுமோ எண்டு நாளைக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன செய்தனீங்கள்?" என்றாள். கல்யாணமாகி ஒரு வருடம், பெரும்பாலும் தொலைபேசியில்தான். அதற்குள் என்னை அவளுக்கு விளங்கியிருந்தது.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தின் ஆளணி, அதாவது பணியாளர், அலுவலகத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் கோப்பைத் திறந்து வைத்து நீண்ட நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கடிதம் இரண்டு வரிதான் போலிருந்தது.

"அவுஸ்பில்டுங் முடித்தவர்களை விட்டுவிட்டு உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் தலைவி காரணம் எழுதியிருக்கிறார்" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் வாசித்தாள். "'தன் பிழைகளை மற்றவர் கண்டுபிடிக்கும் முன் தானே கொண்டுவந்து கொடுக்கிறார்.' முப்பது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். இப்படி ஒரு காரணத்தை யாரும் எழுதியதில்லை. இது பாராட்டா, புகாரா?"

"எனக்கும் சரியாகத் தெரியாது" என்றேன். "ஒப்பந்தத்தில் திகதி இருக்கிறதா?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மேலும் கீழுமாகத் தேடினாள்.

"இல்லை."

"அப்படியானால் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்" என்றேன்.